2016-ல் அமெரிக்கா எதை விட்டுக்கொடுத்தது? டொமைன் பெயர்கள் யார் கையில்?

#1 நூல்கண்டு

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து போடும் தளம் ஒன்றை நடத்துகிறோம். டாட் காம் முகவரி. போன வாரம் எங்களுக்குள் ஒரு தர்க்கம் வந்தது. "இந்த டொமைன் உண்மையில் யாருடையது?" என்று ஒருவர் கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி, "அமெரிக்கா 2016-லேயே பிடியை விட்டுவிட்டது, இப்போது ஐகேன் என்ற பொது அமைப்புதான் எல்லாவற்றையும் பார்க்கிறது" என்றேன். அவர் விடவில்லை. "அப்படியானால் 2021 ஜூனில் ஈரானின் பிரஸ் டிவி தளத்தை அமெரிக்க நீதித் துறை எப்படிக் கைப்பற்றியது?" என்று மடக்கிவிட்டார்.

தேடிப் பார்த்தேன். நடந்தது உண்மைதான். ஒரே நாளில் 30-க்கும் மேற்பட்ட தளங்கள். திறந்தால் செய்திக்குப் பதில் அமெரிக்க அரசின் முத்திரை போட்ட அறிவிப்பு. பிரஸ் டிவி அப்புறம் ஈரானின் சொந்தப் பின்னொட்டான டாட் ஐஆர் முகவரியில் மறுபடி வந்துவிட்டது.

எனக்கு இது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 2016-ல் கொடுத்தது என்ன, கையில் வைத்துக்கொண்டது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகி

கொடுத்தது காகிதம். வைத்துக்கொண்டது மீதி எல்லாம். ஐகேன் இருப்பது கலிபோர்னியாவில், டாட் காமை நடத்தும் வெரிசைன் இருப்பது வர்ஜீனியாவில். பழைய கள், புதிய மொந்தை. இழையை மூடிவிடலாம்.

#3 பழைய மோடம்

சந்தேகி தம்பி, அவ்வளவு அவசரம் வேண்டாம். நூல்கண்டு இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக நினைத்துக் குழம்பியிருக்கிறார். அதில் தப்பில்லை, பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன.

டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் கணக்கு புரியும். உங்கள் பெயருக்கு மேலே டாட் காம். டாட் காமுக்கும் மேலே பெயரே இல்லாத ஒரு தட்டு. அதைத்தான் வேர் என்கிறோம். அந்த வேரில் இருப்பது ஒரே ஒரு கோப்பு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைவிடச் சிறியது. டாட் காம், டாட் ஆர்க், டாட் ஐஆர் என்று 1,400-க்கும் மேற்பட்ட பின்னொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் "விவரம் வேண்டுமானால் இந்த சர்வரைப் போய்க் கேள்" என்ற குறிப்பு. அவ்வளவுதான். உங்கள் சிற்றிதழ்த் தளம் என்று ஒன்று இருப்பதே அந்தக் கோப்புக்குத் தெரியாது.

2016 வரை அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்ற மூன்று கை வேண்டும். ஐகேன் மாற்றத்தைச் சரிபார்த்து அனுப்பும், அமெரிக்க வணிகத் துறை சம்மதிக்கும், வெரிசைன் கோப்பைத் திருத்தி வெளியிடும். 2016 அக்டோபர் 1 அன்று அந்த நடுக் கை விலகியது. விட்டுக்கொடுத்தது அதை மட்டும்தான்.

பிரஸ் டிவி விவகாரத்தில் வேரை யாரும் தொடவே இல்லை. டாட் காம் என்பது வெரிசைன் வைத்திருக்கும் பேரேடு. வெரிசைன் அமெரிக்க நிறுவனம். அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தால் பேரேட்டில் அந்தப் பெயருக்கு நேராக இருக்கும் குறிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். டாட் ஐஆரின் பேரேடு தெஹ்ரானில் இருக்கிறது. அங்கே அந்த ஆணை செல்லாது. அதனால்தான் அது பிழைத்தது.

#4 தவளை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். உலகத்தில் அந்த வேர்க் கோப்பை வைத்துப் பதில் சொல்லும் ரூட் சர்வர் மொத்தமே 13-தான், பெரும்பாலும் அமெரிக்காவில்தான் என்று படித்திருக்கிறேன். ஸ்விட்சை அணைத்தால் எல்லோரும் இருட்டில்தானே?

#5 பழைய மோடம்

13 என்பது பெயர்களின் எண்ணிக்கை, பெட்டிகளின் எண்ணிக்கை அல்ல. அந்தக் காலத்தில் டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் அமைப்பு) தரும் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதற்குள் 13 முகவரிதான் நுழைந்தது. இன்று அந்த 13 பெயர்களுக்கும் பின்னால் உலகம் முழுக்க 1,500-க்கும் மேற்பட்ட நகல்கள் ஓடுகின்றன. நடத்துவது 12 அமைப்புகள். அவற்றில் ஸ்வீடனின் நெட்நாட், நெதர்லாந்தில் இருக்கும் ரைப் என்சிசி, ஜப்பானின் வைட் ஆகிய மூன்றுதான் அமெரிக்காவுக்கு வெளியே தலைமையகம் கொண்டவை. அதனால் உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒற்றை ஸ்விட்ச் எங்கேயும் கிடையாது.

வேர்க் கோப்பு அசல்தானா என்று சரிபார்க்க 2010 முதல் மின்கையெழுத்து இருக்கிறது. அதற்கான சாவியை வெளியே எடுக்கும் சடங்கு, கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் மாறி மாறி நடக்கும். பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஆட்கள் நேரில் வந்து தங்கள் அட்டையைக் கொடுத்தால்தான் சாவி இருக்கும் பெட்டி இயங்கும். 2020 பிப்ரவரியில் பெட்டகத்தின் பூட்டு மக்கர் செய்து, பூட்டுக்காரரை வைத்துத் துளை போட்டுத் திறந்தார்கள். உலகத்தின் இணையம் சில நாள் ஒரு பூட்டுக்காரருக்காகக் காத்திருந்தது.

#6 சட்டப்புள்ளி

பழைய மோடம் ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். அந்த "நடுக் கை" சும்மா ரப்பர் ஸ்டாம்ப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2005-ல் டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் விவகாரத்தில்தான் அதன் நிழல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஆபாசத் தளங்களுக்கென்று தனிப் பின்னொட்டு வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்டது. ஐகேன் ஜூனில் தலையாட்டியது. ஆகஸ்ட்டில் அமெரிக்க வணிகத் துறையிலிருந்து ஒரு கடிதம் போனது: ஆட்சேபங்கள் நிறைய வருகின்றன, நிதானமாக யோசியுங்கள் என்று. தடை என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆனால் விண்ணப்பம் அடுத்தடுத்து நிராகரிக்கப்பட்டது. 2010-ல் சுயாதீன மறுஆய்வுக் குழு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2011-ல்தான் அனுமதி கிடைத்தது. மற்ற நாடுகளும் எதிர்த்தன என்பது வேறு. ஆனால் கடிதம் எழுதிய நாட்டின் கையில்தானே பேனாவும் இருந்தது.

இன்னொரு வழக்கு. பயங்கரவாதத் தாக்குதல்களில் பாதிக்கப்பட்டவர்கள் ஈரான் மீது அமெரிக்க நீதிமன்றங்களில் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். பணம் வசூலாகவில்லை. சரி, டாட் ஐஆரையே ஜப்தி செய்து கொடுங்கள் என்று ஐகேனுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். சிரியாவின் டாட் எஸ்ஒய், வடகொரியாவின் டாட் கேபி ஆகியவையும் பட்டியலில் இருந்தன. 2014-ல் கீழ் நீதிமன்றம் மறுத்தது. 2016 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. ஒரு நாட்டின் பின்னொட்டை இப்படிப் பிடுங்கிக் கொடுத்தால், இந்த ஏற்பாட்டில் பங்குகொள்ளும் மற்றவர்களின் நம்பிக்கை போய்விடும், பெயரமைப்பே துண்டு துண்டாகும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் கவலை. கலிபோர்னியாவில் இருப்பதால் எதுவும் நடக்கலாம் என்று சந்தேகி சொல்வதற்கு இது ஒரு பதில். எப்போதும் இப்படியே தீர்ப்பு வரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

#7 சந்தேகி

"நம்பிக்கை போய்விடும்" என்று நீதிபதி பயந்ததால் தப்பித்தது. சட்டம் காப்பாற்றவில்லை. என் கட்சிக்குத்தான் நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள் சட்டப்புள்ளி.

#8 பழைய மோடம்

அந்த நம்பிக்கைதான் மொத்த முதலீடே, தம்பி. அதைப் புரிந்துகொள்ள 1998 ஜனவரிக்குப் போக வேண்டும். எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீளும்.

அப்போது ஐகேன் பிறக்கவில்லை. ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரர், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எந்தப் பின்னொட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்ப காலத்தில் அவர் கைக்குறிப்பில் வைத்திருந்த பட்டியல்தான் பிற்பாடு ஐயானா என்று பெயர் பெற்றது. அதிகாரம் யார் கொடுத்தது? அரசின் ஆய்வு ஒப்பந்தம் ஒன்று இருந்தது, ஆனால் அதைப் பார்த்து யாரும் அடங்கவில்லை. நேர்மையான மனிதர், வேலை தெரிந்தவர் என்று எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டார்கள். இன்னொரு பக்கம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் அரசு ஒப்பந்தத்தில் டாட் காமை நடத்திக்கொண்டு, 1995 முதல் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று வசூலிக்கவும் ஆரம்பித்திருந்தது. வேர்க் கோப்பின் மூலப் பிரதியும் அவர்களுடைய கணினியில்தான்.

அந்த வருடம் ஜனவரி 28 அன்று போஸ்டல் எட்டு ரூட் சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி வேர்க் கோப்பை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கணினியிலிருந்து எடுக்காதீர்கள், என் கணினியிலிருந்து எடுங்கள் என்று. எட்டுப் பேரும் மாற்றினார்கள். கேள்வி கேட்கவில்லை. 12 நிர்வாகிகளில் 8 பேர். பயனர் யாருக்கும் ஒன்றும் தெரியாது, கோப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் இணையத்தின் பெயரமைப்பில் மூன்றில் இரண்டு பங்கு அன்று ஒரு தனி மனிதரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மகசைனர் கொதித்துப் போனார். சோதனைதான் செய்தோம் என்றார் போஸ்டல். ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி திரும்பியது. அது சோதனையா, அரசுக்குக் காட்டிய சமிக்ஞையா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

அதே வருடம் செப்டம்பர் கடைசியில் ஐகேன் பதிவானது. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 16 அன்று போஸ்டல் இறந்துவிட்டார். 55 வயது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரூட் சர்வர் நடத்துகிறவர்கள் குறிப்பிட்ட கோப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு எந்தச் சட்டமும் கட்டிப்போடவில்லை. எட்டுப் பேர் ஒரு மின்னஞ்சலுக்கு மாறினார்கள். இன்றைக்கும் உலகத்திலுள்ள இணையச் சேவை நிறுவனங்கள் இந்த வேரைப் பின்பற்றுவது வழக்கத்தால்தான். ரஷ்யா 2019-ல் சட்டம் போட்டுத் தனக்கென ஒரு தேசிய டிஎன்எஸ் ஏற்பாட்டையே செய்து வைத்திருக்கிறது. நம்பிக்கை உடைந்தால் போகிறவர்கள் போவார்கள்.

#9 ஒட்டகச்சிவிங்கி

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேர்மையான தாடிக்காரர், பிறகு கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி. மற்ற நாட்டுக்காரர்கள் இதில் எங்கே? ஒரு நாட்டுக்கு ஓர் ஓட்டு என்று ஐநா அமைப்பு ஒன்றிடம் கொடுத்துவிடுவதில் என்ன சிக்கல்? 2003-ல் ஜெனிவாவிலும் 2005-ல் துனிஸிலும் நடந்த உலகத் தகவல் சமூக மாநாட்டில் பல நாடுகள் கேட்டது அதைத்தானே. கடைசியில் கிடைத்தது முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத ஒரு வருடாந்திரப் பேச்சு மேடை.

அரசு, நிறுவனம், பயனர் எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கும் "பலதரப்பு ஆட்சி" என்று ஐகேன் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சாதாரணப் பயனர்களை ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட விட்டார்கள், 2000-ல். ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒருவரான கார்ல் ஆவர்பாக், இயக்குநராக இருந்துகொண்டே அமைப்பின் கணக்கு வழக்குகளைப் பார்க்க முடியாமல் நீதிமன்றம் போய் 2002-ல் ஜெயிக்க வேண்டியிருந்தது. அந்த வருடமே நேரடித் தேர்தலுக்கும் மங்களம் பாடிவிட்டார்கள்.

#10 சட்டப்புள்ளி

தேர்தலைக் கைவிட்டது தப்பு என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் நாட்டுக்கு ஓர் ஓட்டு என்றால் 2022-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போர் தொடங்கி நாலே நாளில், பிப்ரவரி 28 அன்று, உக்ரைன் அமைச்சர் மிகைலோ பெடரோவ் ஐகேனுக்கு எழுதினார். ரஷ்யாவின் டாட் ஆர்யூ, அதன் ரஷ்ய எழுத்து (சிரிலிக்) வடிவம், பழைய சோவியத்தின் டாட் எஸ்யூ எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள் என்று. குண்டு விழுந்துகொண்டிருக்கும் நாட்டிலிருந்து வந்த வேண்டுகோள். மனிதனாகப் படித்தால் சரி என்றுதான் தோன்றும். ஐகேனின் தலைவர் யோரான் மார்பி மார்ச் 2 அன்று பதில் அனுப்பினார்: எங்கள் வேலை அமைப்பு ஓடுகிறதா என்று பார்ப்பது, தண்டனை கொடுப்பது அல்ல. அது கொடூரமான பதில் என்று என் நண்பர்கள் பலர் சண்டை போட்டார்கள். எனக்கு அது ஒன்றுதான் சரியான பதிலாகப் பட்டது. அன்றைக்கு ஐநா பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவுக்கு எதிராக வாக்களித்தன. டொமைனுக்கும் அதே ஓட்டு முறை இருந்திருந்தால்? ரஷ்ய அரசுக்கு எதிராக டாட் ஆர்யூவில் எழுதிக்கொண்டிருந்தவனுடைய தளமும் சேர்ந்துதான் போயிருக்கும். அடுத்த முறை வேறொரு நாடு. பழக்கம் வந்துவிடும்.

#11 ஒட்டகச்சிவிங்கி

அந்த முடிவை ஒரு நிறுவனத்தின் தலைமை நிர்வாகி எடுத்தார் என்பதுதான் என் பிரச்சினை. முடிவு சரியாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

#12 நாடோடி

நாடுகள் என்று பேச்சு வந்ததால் நுழைகிறேன். என் சின்ன மென்பொருள் ஒன்று டாட் ஐஓ முகவரியில் இருக்கிறது. அந்த ஐஓ, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்பதன் சுருக்கம். அதாவது சாகோஸ் தீவுகள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் காலி செய்துவிட்டு ராணுவத் தளம் கட்டினார்கள். அந்த மண்ணின் பெயரில் நாங்கள் எல்லாம் ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். வாங்கும்போது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகும் மாற்றவில்லை. அது என் கணக்கு.

2025 மே மாதம் தீவுகளை மொரீஷியசுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்தது. ஏனென்றால் எது நாடு, எது நாடில்லை என்று ஐகேன் தீர்மானிப்பதில்லை. போஸ்டல் 1994-லேயே எழுதிவைத்த விதி அது: நாடுகளுக்கும் பிரதேசங்களுக்கும் சுருக்கெழுத்து தரும் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசப் பட்டியலில் இரண்டெழுத்து இருந்தால் பின்னொட்டு உண்டு. என்னைப் பொறுத்தவரை அந்தத் துறையிலேயே புத்திசாலித்தனமான வரி அதுதான். பெரிய அரசியல் வம்பை ஒரு தர நிர்ணயக் குழுவின் தலையில் கட்டிவிட்டு நழுவிவிட்டார். ஆனால் மறுபக்கம், பட்டியலிலிருந்து எழுத்து போனால் பின்னொட்டும் போக வேண்டும். இப்போதைய கொள்கைப்படி ஐந்து வருட அவகாசம், காரணம் காட்டினால் இன்னும் ஐந்து வரை நீட்டலாம்.

விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் நடந்ததும் இல்லை. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூவை 2010-ல் நீக்கினார்கள். சோவியத்தின் டாட் எஸ்யூ 1990 செப்டம்பரில் பிறந்தது, அடுத்த வருடமே நாடு இல்லாமல் போனது, பின்னொட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது!

இராக் கதை இன்னும் விசித்திரம். டாட் ஐக்யூவை 1997-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். 2002 கடைசியில் அதன் நிர்வாகிகள் கைதானார்கள். 2003-ல் போர். பின்னொட்டு தூங்கிப் போனது. 2005-ல்தான் இராக்கின் சொந்த ஆணையத்துக்கு வந்தது.

நேர்மாறாக அங்குயிலா என்ற குட்டித் தீவுக்கு அடித்த யோகத்தைப் பாருங்கள். டாட் ஏஐ அவர்களுடையது. 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர், அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். யாரோ ஒருவர் எப்போதோ ஒதுக்கிய இரண்டு எழுத்து.

#13 எறும்பு

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஆண்கள் எல்லோரும் நாடு, போர் என்று பேசுகிறீர்கள். நான் வீட்டுக் கதை சொல்கிறேன்.

நான் இருந்த ஒரு தன்னார்வக் குழுவுக்கு டாட் ஆர்க் பெயர் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லி ரெஜிஸ்ட்ரார் (பெயரை நமக்குப் பதிவு செய்து தரும் நிறுவனம்) அனுப்பிய மின்னஞ்சல், குழுவை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவரின் முகவரிக்குப் போயிருக்கிறது. கெடு முடிந்தது. அதன் பிறகு மீட்க 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அபராதம் கட்டி எடுக்கலாம். அதுவும் எங்களுக்குத் தெரியாமலே கழிந்தது. ஒரு நாள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். வாங்கியவர் யார் என்று, பெயர் யாருடையது என்று காட்டும் ஹூயிஸ் பதிவில் தேடினேன், எல்லாம் மறைக்கப்பட்டிருந்தது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு அப்படித்தான். தனிமனிதர்களுக்கு அது நல்லது என்று தெரியும், ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. தகராறுத் தீர்ப்பு முறைக்குப் போகலாம் என்றார்கள். அங்கே முதல் கேள்வியே வணிகக்குறி இருக்கிறதா என்பதுதான். பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு ஏது வணிகக்குறி? அது கடைகளுக்காகக் கட்டிய நீதிமன்றம்.

அந்தக் கசப்பில்தான் 2019-ல் டாட் ஆர்க் விற்பனை விவகாரத்தைக் கூர்ந்து கவனித்தேன். ஜூனில் டாட் ஆர்க் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகேன் எடுத்தது. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்து எழுதினார்கள், பயனில்லை. நவம்பரில் அந்தப் பேரேட்டை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பை, அதன் தாய் அமைப்பான இன்டர்நெட் சொசைட்டி, ஈதோஸ் கேபிடல் என்ற புத்தம் புதிய முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாகச் செய்தி. 113.5 கோடி டாலர். ஐகேனின் முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவர் அந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்கிறார் என்பதும் வெளியே வந்தது. ஒரு கோடி டாட் ஆர்க் பெயர்கள், பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஐகேன் அலுவலக வாசலில் தட்டி பிடித்து நின்றார்கள்.

2020 ஏப்ரல் 30 அன்று ஐகேன் விற்பனைக்கு அனுமதி மறுத்தது. ஏன்? அதற்கு இரண்டு வாரம் முன்னால் கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் சேவியர் பெசெரா ஒரு கடிதம் எழுதியிருந்தார். நீங்கள் எங்கள் மாநிலத்தில் பதிவான பொதுநல அமைப்பு, இது பொதுநலனா என்று பார்ப்பது என் கடமை, தேவைப்பட்டால் நடவடிக்கை எடுப்பேன் என்ற தொனியில்.

சந்தேகி, நீங்கள் முதல் பதிவிலிருந்து திட்டும் அதே கலிபோர்னியாதான்.

#14 சந்தேகி

சரி, அது எனக்கு அடிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள் அக்கா, உங்களைக் காப்பாற்றியது பலதரப்பு ஆட்சியும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதிய கடிதத்துக்கு அசையாதவர்கள், ஓர் அதிகாரியின் கடிதத்துக்கு அசைந்தார்கள். அந்த அதிகாரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் கலிபோர்னிய வாக்காளர்கள். டாட் ஆர்க் வைத்திருக்கும் மற்ற நாட்டுக்காரன் யாருக்கு ஓட்டுப் போடுவது?

நூல்கண்டு கேட்ட "வைத்துக்கொண்டது என்ன" என்பதற்கு இதுவரை யாரும் சொல்லாத பதில் ஒன்று இருக்கிறது. டாட் காமின் விலை. 2016-ல் முடிந்தது ஐகேனுடன் இருந்த ஒப்பந்தம். வெரிசைனுடன் அமெரிக்க வணிகத் துறைக்கு இருக்கும் தனி ஒப்பந்தம் முடியவே இல்லை. 2012-ல் 7.85 டாலரில் விலையை உறைய வைத்தது அந்தத் துறை. 2018-ல் அதே துறை பூட்டைத் திறந்து, ஆறு வருடத்தில் நாலு வருடம் 7 சதவீதம் வரை ஏற்றலாம் என்றது. 2024 செப்டம்பரில் 10.26 டாலர். இது மொத்த விலை, ரெஜிஸ்ட்ரார் வைக்கும் லாபம் தனி. பெயர்களோ 15 கோடிக்கு மேல். நீங்களே பெருக்கிப் பாருங்கள். உலகமே கட்டும் ஒரு வரி, அதன் உச்சவரம்பை ஒரு நாட்டின் ஒரு துறை தீர்மானிக்கிறது. பேரேடு நடத்த ஏலமும் கிடையாது. ஒப்பந்தத்தை மோசமாக மீறாத வரை தானாகவே நீளும்.

புதிய பின்னொட்டுகள் மட்டும் என்ன வாழ்ந்தன? 2012-ல் விண்ணப்பக் கட்டணமே 1,85,000 டாலர். வந்தவை 1,930. பணம் இருந்தவன் அகராதியைக் கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டான். டாட் அமேசான் உங்களுக்கு நினைவிருக்கும். நதி ஓடும் நாடுகள் எங்கள் நதியின் பெயர் என்றன, நிறுவனம் எங்கள் வணிகக்குறி என்றது. பிரேசிலும் பெருவும் முன்னின்று எதிர்த்ததில் 2014-ல் ஐகேன் மறுத்தது. 2017-ல் மறுஆய்வுக் குழு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. 2020-ல் பின்னொட்டு நிறுவனத்துக்கே போனது. நதி பல லட்சம் வருடமாக ஓடுகிறது, ஆனால் அது வணிகக்குறியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளவில்லை.

#15 பழைய மோடம்

விலை விஷயத்தில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 2016 பற்றிப் பேசும் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. ஒரு சின்னத் திருத்தம்: 2016-ல் கொடுத்ததும் சும்மா வந்ததில்லை. 2013-ல் அமெரிக்க உளவு வேலையை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளியான பிறகு, அந்த அக்டோபரிலேயே ஐகேன் உட்பட இணையத்தின் தொழில்நுட்ப அமைப்புகள் மான்டிவீடியோவில் கூடி, அமெரிக்கப் பொறுப்பை உலகமயமாக்க வேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டன. 2014 மார்ச்சில் அமெரிக்கா சம்மதித்தது. கடைசி நேரத்தில்கூட நாலு அமெரிக்க மாநிலங்கள் வழக்குப் போட்டுத் தடுக்கப் பார்த்தன, நீதிமன்றம் மறுத்தது. வெறும் காகிதம் என்றால் இவ்வளவு சண்டை ஏன்?

#16 கல்வெட்டு

எல்லோரும் ஆங்கில எழுத்துப் பெயர்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். வேர்க் கோப்பில் தமிழ் எழுத்திலேயே மூன்று பின்னொட்டுகள் இருக்கின்றன: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இதில் ஓர் அரசியல் நுணுக்கம் பாருங்கள். எழுத்து ஒன்று, மொழி ஒன்று. ஆனால் பின்னொட்டு கிடைத்தது மொழிக்கு இல்லை, மூன்று அரசுகளுக்கு, அவரவர் நாட்டுப் பெயருக்கு. போஸ்டலின் அதே பட்டியல் இங்கேயும் வேலை செய்கிறது. நாடு இருந்தால் பெயர் உண்டு.

எழுத்து விதிகளிலும் சண்டைக்குக் குறைவில்லை. கௌரி என்று ஔகாரக் குறி போட்டும் எழுதலாம், கெ-வுக்குப் பக்கத்தில் ள-வைப் போட்டு கெளரி என்றும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒன்றை வங்கியும் இன்னொன்றைத் திருடனும் வாங்கினால்? தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் பார்வைக்கு ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. இதையெல்லாம் பார்க்க, பிராமி வழி வந்த எழுத்துகளுக்கென்று ஒரு குழு அமைத்து விதி எழுதியிருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் அந்த வேலையைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழ்ப் பின்னொட்டில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். "சரியான முகவரியை உள்ளிடவும்" என்று சிவப்பில் வரும். நான் மூன்று தளங்களில் முயன்று விட்டுவிட்டேன்.

#17 ஒட்டகச்சிவிங்கி

கல்வெட்டு சொன்னதுதான் என் பக்கத்துக்கே வலு. நாட்டைத் தவிர வேறு யாரையும் இந்த அமைப்பு அடையாளம் காண்பதில்லை, பணம் கட்டும் நிறுவனத்தைத் தவிர.

#18 சட்டப்புள்ளி

அப்படியும் சொல்ல முடியாது. கட்டலானியர்களின் டாட் கேட் 2005-லேயே மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று கிடைத்தது. நாடு தேவைப்படவில்லை. ஒரு சமூகம் அமைப்பாகச் சேர்ந்து கேட்டது.

#19 கல்வெட்டு

உண்மை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்று நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புதிய பின்னொட்டுகளுக்கான 2026 சுற்றுக்கு விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர்.

#20 நெறியாளர்

நீக்கிய இரண்டு பதிவுகள் ரஷ்யா-உக்ரைன் போர் பற்றியவை. அதற்கு வேறு இழை இருக்கிறது. டொமைனோடு நிற்கவும்.

#21 தவளை

ஒரு கடைசிக் கேள்வி. அப்படியானால் நூல்கண்டு என்ன செய்ய வேண்டும்? டாட் காமை விட்டு நாட்டுப் பின்னொட்டுக்குப் போக வேண்டுமா?

#22 நாடோடி

நாட்டுப் பின்னொட்டு என்றால் அந்த நாட்டு அரசின் மனநிலைக்குக் கட்டுப்படுவது. 2010-ல் டாட் எல்ஒய் முகவரி ஒன்றை லிபியா பிடுங்கிக்கொண்டது, உள்ளடக்கம் தங்கள் சட்டத்துக்கு ஒவ்வாது என்று. 2024-ல் டாட் ஏஎஃப் முகவரி ஒன்றைத் தாலிபன் நிர்வாகம் முடக்கியது. எந்த வீட்டுக்காரர் என்பதுதான் தேர்வு. வீடு சொந்தமில்லை.

#23 நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் தோற்றதை ஒப்புக்கொண்டேன், ஆனால் அவருக்கும் டாட் காம் விலை விஷயம் தெரியவில்லை என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

டாட் காமிலேயே இருப்பது என்று முடிவு. சிற்றிதழ் ஸ்கேன்களை எந்த அரசும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் எறும்பு அக்கா எழுதியதைப் படித்த பிறகு இரவோடு இரவாக எங்கள் ரெஜிஸ்ட்ரார் கணக்கைத் திறந்து பார்த்தேன். தொடர்பு மின்னஞ்சலாக இருப்பது, ஆறு வருடம் முன்பு குழுவை விட்டு விலகிய ஒருவருடையது. கெடு முடிய இன்னும் 19 நாள். கடவுச்சொல் மாற்றினால் உறுதிப்படுத்தும் கடிதமும் அவருக்குத்தான் போகும். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.